ஊருணிக் கணக்கை யார் முன்னால் வாசிப்பது?

எங்கள் ஊரில் குடிநீர் ஊருணி வேறு, குளிக்கவும் துணி துவைக்கவும் உள்ள ஊருணி வேறு. இரண்டாவது ஊருணியின் கரையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தகவல் பலகை நட்டார்கள். தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், படித்துறையைச் சீரமைத்தல் ஆகிய மூன்று பணிகளும் அவற்றுக்கான மதிப்பீட்டுத் தொகையும் அதில் எழுதப்பட்டிருந்தன. பொக்லைன் இயந்திரம் நான்கு நாள் ஓடியது. படித்துறையில் ஒரு கல்லைக்கூட யாரும் தொடவில்லை. ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டிக் கிடந்த கருவேல மரங்கள் அப்படியே நின்றதால், அந்த ஆண்டு ஐப்பசி மழை நன்றாகப் பெய்தும் ஊருணிக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. சில மாதங்கள் கழித்து, பலகையில் ‘பணி முடிவுற்ற நாள்’ என்ற வரிக்கு எதிரே ஒரு தேதி எழுதப்பட்டது. அதைப் பார்த்த அன்று மாலையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுத உட்கார்ந்தேன்.

நான் கேட்டவை மூன்று: வேலையை அளந்து பதிந்த அளவுப் புத்தகத்தின் நகல், பணி நிறைவுச் சான்றின் நகல், பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தப் பணியைச் செய்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டம் கொடுக்கும் 30 நாள் கெடு முடிவதற்கு முதல்நாள், ‘கோரிய விவரங்கள் பரிசீலனையில் உள்ளன’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. முதல் மேல்முறையீடு செய்தேன். அதை விசாரித்த அலுவலர் அதே கட்டடத்தில் அடுத்த அறையில் இருப்பவர். அந்தப் பணிக்கான தொகையை விடுவிக்க ஒப்புதல் அளித்தவரும் அவரே. தமக்குக் கீழுள்ளவர் தந்த பதில் சரியானது என்று அவர் எழுதி முடித்தார். இடையில் மேலிடத்துக்கு அனுப்பிய புகார் மனுவும் சுற்றிக்கொண்டு அதே அலுவலகத்துக்கே வந்து, ‘மனுதாரருக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது’ என்ற குறிப்புடன் முடிக்கப்பட்டது. எனக்கு யாரும் எந்த விளக்கமும் அளிக்கவில்லை. 90 நாள் கெடுவுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.

கணக்குக் கேட்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. யார்மீது கேள்வி எழுகிறதோ அவரிடமே அந்தக் கேள்வியை விசாரிக்கும் பொறுப்பும் போய்ச் சேருகிறது என்பதுதான் என் குறை. இது ஒன்று மாறாத வரையில் எத்தனை ஆணையம் அமைத்தாலும், எத்தனை இணையதளம் திறந்தாலும், மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பைத் தவறாகப் பயன்படுத்தியவர் பதில் சொல்ல வேண்டிய நாள் வராது.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய், மோல்மேன் ஊர்க் கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். முதலாளிக்காகக் கடையை நடத்தி, மூன்று ஆண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாள், அடுத்து வருபவரிடம் பெட்டிச் சாவியோடு பேரேட்டையும் ஒப்படைத்து, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டுக் காட்டிவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கு எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர், இருவருக்கும் மேலாக முதல் போட்ட முதலாளி ஊரில் இருக்கிறார். உறவுக்காரரை நம்பித்தான் கடல் கடந்து பணத்தை அனுப்பினார்கள்; அந்த நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் கணக்கைப் பார்த்தார்கள். மேலாளைச் சந்தேகிப்பதாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலும், கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் காரியக்காரர் ஆண்டுக்கொரு முறை நகரத்தார் கூடும் நகரக் கூட்டத்தில் வரவு செலவை உரக்க வாசிப்பார். குடும்பக் கணக்கில் கோயிலுக்குத் தரும் புள்ளி வரியைக் கொடுத்தவர் எவரும் குறுக்கிட்டுக் கேட்கலாம்.

அந்தக் கூட்டத்தைப் பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. அதில் பெண்களுக்குக் குரல் இல்லை. கோயிலுக்கு விறகு பிளந்தவருக்கும் ஊருணியில் மண் வெட்டியவருக்கும் அங்கே இடம் இல்லை. அந்த வகையில் கிராம சபை அதைவிடப் பல மடங்கு மேலானது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் உட்காரலாம், கேட்கலாம். ஆனால் கணக்கை வைத்திருப்பவர் நேரில் நின்று, அதைக் கேட்கும் உரிமையுள்ளவர்கள் முன் வாசித்தாக வேண்டும் என்ற ஒரு கட்டுப்பாட்டைப் பழைய கூட்டத்திலிருந்து நாம் கொண்டுவரத் தவறிவிட்டோம்.

தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் நிறுவனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்தின் கதையை ஒருமுறையாவது எல்லாரும் படிக்க வேண்டும். 1999 முதல் அங்குள்ள கிளை அஞ்சலகங்களில் புஜித்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்த பிழைகளால், இல்லாத பணக்குறைவு இருப்பதாகத் திரையில் காட்டியது. அஞ்சலகத்தை நடத்திய எளிய மனிதர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். பிறகு திருடர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அந்த நிறுவனத்துக்குத் தானே விசாரித்துத் தானே வழக்குத் தொடரும் வசதி இருந்தது. ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தக் குறை வருகிறது’ என்று பலரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் நம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களும் உண்டு. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை அஞ்சலக நடத்துநர் மற்றவர்களைத் தேடிச் சேர்த்து, 555 பேராக நீதிமன்றம் போன பிறகுதான், கணினிக் கணக்கே நம்பத்தகாததாக இருந்தது என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது. கணக்கில் குறை வந்தால் முதலில் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகும் பையனுக்குக் கற்றுத்தரும் முதல் பாடம். அதைச் செய்ய ஒரு நாட்டுக்கு இருபது ஆண்டுகள் ஆயின என்பதை நினைக்கும்போது என் மனம் ஆறவில்லை.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே 2025 ஜூனில், நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் திருப்புவனம் பகுதியில் காவலர்களின் பிடியில் உயிரிழந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னது. வழக்கும் மாநிலக் காவல்துறையின் கையிலிருந்து சிபிஐக்கு மாறியது. காவலர்மீதான குற்றச்சாட்டைக் காவலரே விசாரித்தால் ஊர் நம்பாது என்பதை அன்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஓர் உயிர் போன பிறகு ஒப்புக்கொண்ட அந்த நியாயத்தை, உயிர் போகாத சிறிய புகார்களுக்கும் ஏன் முன்கூட்டியே பொருத்தக் கூடாது?

இதற்கான வழியை இந்நாட்டின் ஏழைகள் முன்பே காட்டியிருக்கிறார்கள். 1994-இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணைகளில், அரசுப் பணிகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே வெளிப்பட்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-இலேயே அதற்கான ஒரு சட்டத்தை இயற்றியிருந்தது என்பது நமக்குப் பெருமை. நூறுநாள் வேலைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டபோது அதன் 17-ஆவது பிரிவு கிராம சபைக்குச் சமூகத் தணிக்கைப் பொறுப்பை, அதாவது ஊர் மக்களே பணியையும் கணக்கையும் சரிபார்க்கும் பொறுப்பை, கொடுத்தது. மேகாலயா 2017-இல் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து மற்ற அரசுத் திட்டங்களுக்கும் அதை விரித்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கிராமப் பணிக்கும், அதைச் செய்த அலுவலகத்துக்கு வெளியே உள்ள தணிக்கையாளரும் ஊர் மக்களும் சேர்ந்து அளவுப் புத்தகத்தைக் களத்தில் வைத்துச் சரிபார்க்கும் சட்டம் வேண்டும். தகவல் மனுவின் முதல் மேல்முறையீடும் அந்த அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போக வேண்டும். தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருப்பது ஆணையம் வரை போகிறவருக்குத்தான் பயன்படுகிறது. பெரும்பாலோர் அதற்கு முன்பே களைத்துவிடுகிறார்கள்.

இருக்கும் கதவும் குறுகி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலைத் தர மறுக்கலாம் என்று தகவல் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் இருந்த விலக்கை நிபந்தனையற்றதாகத் திருத்தியது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்று அங்கிருந்த வரி அகன்றது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) உட்பிரிவு இன்னும் இருக்கிறது. மனு எழுதுகிறவர்கள் இனி அதை மறவாமல் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கடந்த மே 1 கிராம சபையில் ஊருணிப் பணியைப் பற்றிக் கேட்டேன். பணி முடிந்து சான்றும் வழங்கப்பட்டுவிட்டது என்று அலுவலர் சொன்னார். அப்போது நூறுநாள் வேலைக்குப் போய்வந்த அம்மா ஒருவர் எழுந்து, “படித்துறை கட்டியாச்சுன்னு சொல்றீங்களே சார், நேத்து நான் துணி துவைச்சப்பக்கூட அந்த உடைஞ்ச கல்லுமேலதான் உக்காந்திருந்தேன்” என்றார். கூட்டம் ஒரு நிமிடம் அமைதியானது. அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை; முன்பே எழுதிக் கொண்டுவந்த தீர்மானங்களின் கீழ் நாங்கள் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அந்த அம்மா மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது அவர் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திடுவது என்று எங்கள் தெருவில் பதினொரு பேர் முடிவு செய்திருக்கிறோம்.