டர்போவுக்கு முன்னால் வைடுபேண்ட் சென்சார்: அந்த ஃபார்வர்டு தவறு

"டர்போ காரில் வைடுபேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டிலேயே வையுங்கள். அங்கேதான் அளவு துல்லியம். வயரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி கார் குரூப்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. (வைடுபேண்ட் சென்சார் என்பது புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து காற்று-எரிபொருள் கலவையைக் காட்டும் கருவி. மேனிஃபோல்டு என்பது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்.)

பலரும் வாங்கிப் பொருத்தும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரையே எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து தாங்கக்கூடிய புகை வெப்பம் 930 டிகிரி செல்சியஸ்தான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பெட்ரோல் டர்போவின் மேனிஃபோல்டு அந்த எல்லையை எட்டிவிடும். வெப்பத்தைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம். டர்போவுக்கு முன்னால் புகை நெருக்கிக்கொண்டு நிற்கும். அதனால் ரிச் (எரிபொருள் கூடிய) கலவை இன்னும் ரிச்சாகவும், லீன் (எரிபொருள் குறைந்த) கலவை இன்னும் லீனாகவும் மீட்டரில் தெரியும். அதை நம்பி டியூன் செய்தால் எஞ்சினுக்குத்தான் கேடு.

சரியான இடம் டர்போவைத் தாண்டிய புகைக் குழாயான டவுன்பைப். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சென்சாரின் வயர் பக்கம் மேலே இருக்கட்டும். உள்ளே சுமார் 780 டிகிரியில் கொதிக்கும் செராமிக்மேல் புகைக் குழாயில் சேரும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், விரிசல் விழ.

வயர் மாட்டாமல் வண்டி ஓட்டினால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் வேலை செய்யாது, முனையில் கரி படிந்து சென்சார் வீணாகும். (விலை தெரிந்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள்.)

பாஷ் மோட்டார்ஸ்போர்ட் தளத்தில் இந்தச் சென்சாரின் தரவுத்தாள் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.