மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்காதீர்கள்

பயோகிளிட்டசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நம் ஊரில் பலர் இதைச் சாப்பிட்டிருப்பார்கள், பெரும்பாலும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற வேறு இரண்டு சர்க்கரை மருந்துகளும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக. அமெரிக்காவில் இது ஆக்டோஸ் என்ற பெயரில் விற்றது. ஜப்பானின் டகேடா நிறுவனத்துடையது. அமெரிக்காவில் சில காலம் எலி லில்லி என்ற கம்பெனியும் சேர்ந்து விற்றது.

நீண்ட நாள் சாப்பிட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்ற சந்தேகத்தில் 2011-இல் பிரான்ஸ் இதை நிறுத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் எச்சரித்தது. அப்புறம் வழக்குகள் குவிந்தன. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து லஃபாயெட் நகரில், ஒரே ஒரு நோயாளியின் வழக்கில், இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 900 கோடி டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்றது ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள் குழு. நீதிபதி பிறகு அதைச் சுமார் 3.7 கோடி டாலராகக் குறைத்துவிட்டார். ஆனால் டகேடா பத்திரப்படுத்தியிருக்க வேண்டிய கோப்புகளை அழித்திருந்தது என்பதையும் அதே நீதிமன்றம்தான் பதிவு செய்தது. 2015-இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 9,000 பேரின் வழக்குகளை முடிக்க 240 கோடி டாலர் வரை தருவதாக டகேடா இறங்கி வந்தது.

இந்த மருந்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. 2015-இல் வந்த பெரிய ஆய்வொன்றில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. 2016-இல் எஃப்டிஏ மறுபடியும் 'இருக்கலாம்' என்றது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். அங்கே நடந்த வழக்கின் உயிரே வேறு: கம்பெனிக்குத் தெரிந்த ஆபத்தைச் சாப்பிடுகிறவனுக்குச் சொன்னார்களா, இல்லையா?

இங்கே என்ன நடந்தது? 2013 ஜூனில் மத்திய அரசு இதைத் தடை செய்தது. ஜூலை 31-ஆம் தேதியே தடை நீங்கியது. நிபந்தனை, மருந்தோடு வரும் குறிப்புத் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வேண்டும். சர்க்கரைக்கு முதல் மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த எச்சரிக்கையில் உண்டு.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் பெரியம்மா வருஷக்கணக்கில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அவர் கையில் ஒரு தாளும் வந்ததில்லை. மெடிக்கலில் ஒரு வாரத்துக்கு என்று கேட்டால், கத்தரியை எடுத்து அட்டையில் ஏழு மாத்திரையை வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே 'காலை 1' என்று எழுதித் தருகிறார்கள். மருந்தின் பெயர் பாதி வெட்டுப்பட்டிருக்கும். எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் எண்ணும் கம்பெனி பெயரும் கடையில் மிஞ்சிய துண்டோடு போய்விடும். பில் கேட்டால், "வெறும் எழுபது ரூபாதானேம்மா" என்பார்கள்.

நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால், எந்தக் கம்பெனியின் மாத்திரையை எத்தனை வருஷம் சாப்பிட்டார் என்று எதைக் காட்டுவது? நம்மிடம் சட்டமே இல்லை என்பதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரிடமே இழப்பீடு கேட்கலாம் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. போதிய எச்சரிக்கை தராததும் அப்படி இழப்பீடு கேட்க ஒரு காரணம்தான். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் கையில் காகிதம் இல்லாமல் போனால், வாசலிலேயே வழக்கு செத்துவிடும். அங்கே ஆதாரத்தைக் கம்பெனி அழித்தது. இங்கே அந்த வேலையை ஒரு கத்தரிக்கோல் தினமும் செய்கிறது, அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வருவதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துக்கு பேட்ச் எண்ணோடு பில் போடுவது சலுகை இல்லை, விதி. முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் பெயரும் எண்ணும் உள்ள பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மருந்தை மாற்றும்போது பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கால் வீக்கம், மூச்சிரைப்பு, சிறுநீரில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். கையோடு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் அரசுத் திட்டத்தின் எண் அது, நோயாளியே நேரடியாகப் பேசலாம். அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒவ்வொரு கவரோடும் தமிழில் வர வேண்டும்.