அது ஒல்லாந்தர் காலத்துச் சன்னம் இல்லை

தம்பி, திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் கிடந்த சன்னத்தை (துப்பாக்கிக் குண்டை) ஒல்லாந்தர் காலத்தது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. திருகோணமலை 1795இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஒல்லாந்தர் சுட்டது வெறும் ஈய உருண்டை.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கூர்முனை, மேலே செம்பு உறை, அடியில் சாம்பல் நிற ஈயம் தெரிகிறது, பக்கத்தில் சரிந்த வரிகள். அந்த உறை 1880களில்தான் வந்தது. வேகம் கூடியபோது வெறும் ஈயம் குழலுக்குள் உரிந்து ஒட்டியதால்தான் உறை போட்டார்கள்.

அளவும் ஒரு தடயம். இது ஆங்கிலேயப் படையின் 303 துப்பாக்கிச் சன்னமாக இருக்கலாம். 303 என்ற பெயர் குழலின் உள்விட்டத்தை, அதாவது 0.303 அங்குலத்தைக் குறிக்கும். சன்னமோ 0.311 அங்குலம், ஏறக்குறைய 7.9 மில்லிமீற்றர். அதனால் அளவு பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: சுடாத ரவை கிடைத்தால் கையே வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அந்தக் கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.