படகில் இருந்த இயேசு ‘நாங்கள்’ கணக்கில் வருவாரா?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மறுபடியும் பைபிளில் ‘தேவன்’ சரியா, ‘கடவுள்’ சரியா என்று சண்டை. புது மொழிபெயர்ப்புக்காரர்கள் வேதத்தையே மாற்றிவிட்டார்கள் என்று சித்தப்பா கொதிக்கிறார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் கடவுளுக்கு ‘சர்வேசுரன்’. அப்புறம் வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸுக்கு ‘பராபரன்’. சித்தப்பா கையில் வைத்திருக்கிற ‘தேவன்’ பைபிள், ஹென்றி பவர் என்பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871இல் வந்தது. அதுவும் ஒரு காலத்தில் புதுசுதான்.

சரி, அந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ருசி இல்லை. பெயர்ச்சொல் எதுவானாலும் கொஞ்ச நாளில் வாய்க்குப் பழகிவிடும். தமிழ் இலக்கணம் மொழிபெயர்ப்பவரை மடக்கிப் பிடிக்கிற இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

மாற்கு நற்செய்தி, 4ஆம் அதிகாரம். கடலில் சுழல்காற்று, படகில் தண்ணீர் ஏறுகிறது. இயேசு பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்புகிறார்கள். பவர் மொழிபெயர்ப்பில், “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?” சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தபோது தோன்றாத கேள்வி இப்போது தோன்றுகிறது: அதே படகில்தானே அவரும் இருக்கிறார்? ஏன் ‘நாம்’ இல்லை? ‘நாங்கள்’ என்றால் அவர் சாகமாட்டார் என்று சீடர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றாகிறது. ‘நாம்’ என்றால் அவரும் நம்மைப்போல மூழ்கப்போகிற ஒரு மனிதர். ஒரே சொல் மாற்றத்தில் ஒரு இறையியலே இருக்கிறது.

மூலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற பிரிவே இல்லை. சீடர்களின் அந்தக் கேள்வியில் தங்களைக் குறிக்கத் தனியாக ஒரு பிரதிப்பெயர்கூட இல்லை, வினையிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் கவலையில்லை. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் நம் தலைவலி உண்டு. பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியிலும் ‘மிபேலா’வா (நாங்கள்) ‘யுமி’யா (நாம்) என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முழு வேதாகமம் 700க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. அதில் எத்தனை பேர் இந்தப் படகில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பார்களோ!

1995இல் வந்த திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பு இதை நைசாகத் தாண்டுகிறது: “போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?” நாமும் இல்லை, நாங்களும் இல்லை. ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது. மூலம் திறந்து வைத்ததைத் திறந்தே வைத்துவிட்டார்கள். அந்த வரியை முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன்.

யோவான் நற்செய்தியில் வருகிற கானா ஊர்க் கலியாணத்திலும் இப்படித்தான். திராட்சரசம் தீர்ந்துவிட்டது என்று இயேசுவின் தாய் அவரிடம் சொல்கிறார். பவரில் இயேசு தாயைப் பார்த்து “ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன?” என்கிறார். எங்கள் ஆச்சி ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் முகம் சுளிப்பாள். கிரேக்கத்தில் அந்த விளி மரியாதைக் குறைவு இல்லை. சிலுவையிலிருந்தும் அவர் தாயை அதே சொல்லால்தான் கூப்பிடுகிறார். தமிழில் ‘ஸ்திரீயே, உனக்கும்’ என்று வரும்போது சுருக்கென்று இருக்கிறது. திருவிவிலியத்தில் ‘அம்மா’ என்று வருகிறது. மூலத்தில் ‘தாய்’ என்ற சொல்லே அங்கே இல்லையே என்று கேட்கலாம். முன்பின் தெரியாத பெண்ணையும் அம்மா என்று கூப்பிடுகிற ஊர் இது. ஆகவே அது பெண்ணை விளிக்கிற சொல்லாகவும் நிற்கிறது, தாயை விளிக்கிற சொல்லாகவும் நிற்கிறது.

அதற்காகப் பழையதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்” என்பதை “ஆண்டவரே என் ஆயர்” என்று சொன்னால் எனக்கு ஜெபம் பண்ணின மாதிரியே இருக்காது. ஜெபத்துக்குப் பழையது, புரிந்துகொள்ளப் புதியது என்று வீட்டில் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

படகுக் கேள்வியைக் குழுவிலும் போட்டேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. இன்று காலை சித்தப்பா பதில் அனுப்பியிருந்தார்: “நாங்கள்-தான்ல சரி. அவருதான் தண்ணிமேல நடப்பாரே.”

“அது ஆறாம் அதிகாரம் சித்தப்பா. நாலாம் அதிகாரத்தில் சீடர்களுக்கு அது தெரியாதே” என்று தட்டி அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.