தேக்கா மைனா ஊட்டி மைனா இல்லை

"தேக்கா காப்பிக்கடையில் மேசைமேல் ஏறும் கொண்டை மைனா, நம்ம ஊட்டிக் காட்டு மைனாதான்; கப்பலேறி வந்தது" என்று இங்கே சிங்கப்பூரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அது ஜாவா மைனா. சொந்த ஊர் ஜாவா, பாலி. 1920களில் கூண்டுப் பறவையாக இங்கே வந்து, வெளியேறிப் பெருகியது.

இந்தியப் பறவைக் கையேட்டைப் புரட்டுகிறவர் குழம்புவது நியாயம்தான், காட்டு மைனாவுக்கும் நெற்றிக்கொண்டை உண்டு. அலகைப் பாருங்கள். ஜாவா மைனாவுக்கு அலகு முழுக்க மஞ்சள். காட்டு மைனாவுக்கு அடிப்பகுதி நீலம் கலந்த கருமை. தென்னிந்தியாவில் கண்ணும் வெளிர்நீலம். பரோட்டாத் துண்டுக்காக இரண்டடியில் வந்து நிற்குமே, அப்போதே பார்த்துவிடலாம்.

பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் என்றால் நாட்டு மைனா. அது இங்கே குறைந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நாம் விரட்டும் ஜாவா மைனா, ஜாவாவிலேயே கூண்டு வியாபாரத்தால் அருகிவிட்டது.