மருந்துக் காப்புரிமையில் முடிவுத் தேதிக்கு முன்னால் கிளெய்மைப் படியுங்கள்

ஒரு மருந்தின் காப்புரிமை பற்றிப் பேச்சு வந்தாலே "எந்த வருஷம் முடியுது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பங்குச்சந்தைக் குழுக்களிலும் இதே கேள்வி, பார்மசி மாணவர்களிடமும் இதே கேள்வி. ஒரு மருந்துக்கு ஒரே ஒரு காப்புரிமை இருந்தால் அது போதும். ஆனால் நடப்பில் ஒரே மாத்திரையைச் சுற்றி மூலக்கூறுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, தயாரிப்பு முறைக்கு ஒன்று, மாத்திரைக் கலவைக்கு ஒன்று, எந்த நோய்க்குக் கொடுப்பது என்பதற்கு ஒன்று என்று வேலி மேல் வேலியாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு, தேதி வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் "2023-இல் முடிந்தது" என்று ஒரு செய்தியும் "2027 வரை இருக்கிறது" என்று இன்னொரு செய்தியும் ஒரே மருந்தைப் பற்றி ஒரே வாரத்தில் வருகின்றன.

நான் சொல்வது பெடாகுவிலின். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று அடிப்படையான மருந்து. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது இதன் காப்புரிமை எல்லை நமக்கு ஏட்டுச் சமாச்சாரம் இல்லை.

தேடலிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில் "பெடாகுவிலின்" என்று போட்டால் மூல விண்ணப்பம் வராது. 2003-இல் அந்தப் பெயரே சூட்டப்படவில்லை. விண்ணப்பத்தின் தலைப்பில் இருப்பது குயினோலின் வழிப்பொருள்களும் மைக்கோபாக்டீரியத் தடுப்பான்களாக அவற்றின் பயனும் என்பது மட்டும்தான். "ஜான்சன் அண்ட் ஜான்சன்" என்று தேடினாலும் பயனில்லை, விண்ணப்பதாரர் பெல்ஜியத்தில் உள்ள அதன் துணை நிறுவனமான யான்சென் பார்மசூட்டிகா (Janssen Pharmaceutica). ஆய்வுக்காலக் குறியீடுகளான ஆர்207910, டிஎம்சி207, பிறகு மூலக்கூறின் கட்டமைப்பு, கடைசியாகச் சர்வதேச விண்ணப்ப எண் என்ற வரிசையில் போனால்தான் குடும்பம், அதாவது தொடர்புடைய விண்ணப்பங்கள் முழுவதும் கண்ணில் படும்.

அடுத்தது கிளெய்ம், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எண்ணிட்டு எழுதும் வாசகங்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு எல்லையை முடிவு செய்யவே கூடாது. சட்டப்படி உரிமை என்பது கிளெய்மில் எழுதியிருப்பது மட்டுமே. மூலக் காப்புரிமையின் கிளெய்ம் 1 ஒரு மார்குஷ் வாய்பாடு: நடுவே ஒரு குயினோலின் எலும்புக்கூடு, அதைச் சுற்றி மாற்றிப் போடக்கூடிய தொகுதிகள். ஒரு இடத்தில் புரோமின், ஓரிடத்தில் மெத்தாக்சி, பக்கச் சங்கிலியில் பீனைல், நாப்தைல், டைமெத்தில் அமினோ என்று நிரப்பினால் பெடாகுவிலின் கிடைக்கும். வேறு விதமாக நிரப்பினால் இன்னும் எத்தனையோ சேர்மங்கள். அதே கிளெய்மிலேயே அவற்றின் அமிலச் சேர்க்கை உப்புகளையும், அதாவது சேர்மம் ஓர் அமிலத்தோடு சேர்ந்து உருவாகும் வடிவங்களையும், கேட்டிருந்தார்கள். இந்த இடத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கே இதன்மேல்தான் நிற்கிறது. இந்தக் காப்புரிமையின் சர்வதேசத் தாக்கல் தேதி 18 ஜூலை 2003. இந்தியாவில் 20 ஆண்டு அந்தத் தேதியிலிருந்து ஓடும், அமெரிக்காவில் உள்ளதுபோல் கால நீட்டிப்பு இங்கே கிடையாது. ஆகவே 18 ஜூலை 2023-இல் முடிந்தது.

அப்படியானால் 2027 எங்கிருந்து வந்தது? 2007 டிசம்பரில் பெடாகுவிலினின் ஃபியூமரேட் உப்புக்குத் தனி விண்ணப்பம் போட்டார்கள். இந்தியாவில் அதன் எண் 1220/மும்என்பி/2009. எண்ணே விவரம் சொல்லும்: மும்பை அலுவலகம், சர்வதேச விண்ணப்பத்தின் தேசியக் கட்டம், 2009. சந்தையில் விற்கும் 100 மில்லிகிராம் மாத்திரைக்குள் இருப்பது 120.89 மில்லிகிராம் பெடாகுவிலின் ஃபியூமரேட். அதாவது இந்த உப்புக்கு உரிமை கிடைத்திருந்தால், மூலக்கூறின் காப்புரிமை முடிந்த பிறகும் அதே மாத்திரையை இன்னும் 4 ஆண்டுக்கு மேல் யாரும் செய்திருக்க முடியாது.

காசநோயிலிருந்து மீண்டவர்களான மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் 2019-இல் இதை எதிர்த்து மனு கொடுத்தார்கள். பழைய காசநோய் மருந்துகளின் நச்சுத்தன்மையால் இருவருமே செவித்திறன் இழந்தவர்கள். 23 மார்ச் 2023 அன்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதற்கான சட்ட அடிப்படையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி)-யின்படி, தெரிந்த ஒரு பொருளின் உப்பு, படிக வடிவம் போன்றவை மருத்துவப் பலனில் தெளிவான முன்னேற்றம் காட்டினால் ஒழிய கண்டுபிடிப்பு ஆகாது. உப்பு நன்றாகக் கரைகிறது, ஈரம் உறிஞ்சுவதில்லை, மாத்திரை பிடிக்க வசதி என்பதெல்லாம் பலன் ஆகாது. 2013-இல் இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. உடல் உறிஞ்சும் அளவு 30 சதவீதம் கூடியது என்ற தரவைக்கூட அங்கே போதுமானதாக ஏற்கவில்லை. உப்போடு ஈரமூட்டியை (நனைய உதவும் பொருளை) சேர்த்த கலவைக் கிளெய்ம்களுக்கு, வெறும் கலவையைக் கண்டுபிடிப்பாக ஏற்காத பிரிவு 3(இ) குறுக்கே நிற்கும். நோயாளிக்கு இப்படிக் கொடுக்க வேண்டும் என்ற சிகிச்சைமுறைக் கிளெய்மை 3(ஐ) அனுமதிக்காது. அமெரிக்கக் காப்புரிமைப் பட்டியலை அப்படியே எடுத்து இந்தியாவுக்குப் பொருத்துகிறவர்கள் இந்த மூன்று பிரிவுகளையும் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் அறிக்கையில் பாதி வேலி இங்கே இல்லவே இல்லை.

இனி போட்டி. காப்புரிமை முடிந்த மறுநாளே பத்து நிறுவனம் வந்துவிடும் என்பதும் தவறான கணக்கு. சட்டம் தடுக்கவில்லை: பிரிவு 107ஏ-யின்படி, அனுமதிக்குத் தேவையான தரவுக்காகக் காப்புரிமைக் காலத்திலேயே மருந்தைச் செய்து பார்க்கலாம். தடை வேதியியலில் இருக்கிறது. பெடாகுவிலினில் இரண்டு கைரல் மையங்கள் (தொகுதிகள் இரண்டு விதமாக அமையக்கூடிய இடங்கள்), ஆக நான்கு ஸ்டீரியோ ஐசோமர்கள், அதாவது அணுக்களின் இணைப்பு ஒன்றாக இருந்தும் முப்பரிமாண அமைப்பு வேறான வடிவங்கள். தேவைப்படுவது ஒன்றே ஒன்று. தேர்வுத்தன்மை இல்லாத வழியில் போனால் கொள்கையளவிலேயே கால் பங்குதான் வேலைக்கு ஆகும், மீதியைப் பிரித்து எடுக்க வேண்டும். பிரித்தெடுக்கும் முறைக்கும் தனி விண்ணப்பம் உண்டு. அதனால் ஒரு ஜெனரிக் நிறுவனம், அதாவது அசல் மருந்தின் நகலைச் செய்து விற்கும் நிறுவனம், மருந்தின் காப்புரிமையைப் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. தன் தொழிற்சாலையில் ஓடும் ஒவ்வொரு படியையும் எடுத்து, செய்முறைக் கிளெய்மின் ஒவ்வொரு கூறோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட வேண்டும். கிளெய்மில் உள்ள கூறுகளில் ஒன்று நம் முறையில் இல்லை, அதற்கு ஈடானதும் இல்லை என்றால் மீறல் இல்லை.

மாற்று மருந்துகளைக் கணக்கிடுவதிலும் குழப்பம் நடக்கிறது. இன்னொரு காசநோய் மருந்தான பிரிடோமனிடைப் போட்டியாளர் என்று எழுதுகிறார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த 6 மாதச் சிகிச்சையில் பெடாகுவிலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்தே வருகின்றன. பிரிடோமனிட் விற்பனை ஏறினால் பெடாகுவிலினும் ஏறும். உண்மையான போட்டி அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் இருக்கிறது. டிபிஏஜே-876, டிபிஏஜே-587 இரண்டும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. அவற்றின் கிளெய்ம்களை இப்போதே படிக்கத் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்றால் விலைக்குத்தான். முழுச் சிகிச்சைக்கு 188 மாத்திரை: முதல் 2 வாரம் தினமும் 4, அடுத்த 22 வாரம் வாரத்துக்கு 3 நாள் 2 வீதம். உலகக் காசநோய் மருந்துக் கொள்முதல் அமைப்பின் வழியாக 2018-இல் இதன் விலை 400 டாலர், 2020-இல் 340. ஜெனரிக் போட்டி வந்ததும் 2023 ஆகஸ்ட் டெண்டரில் அசல் நிறுவனமே 130 டாலருக்கு இறங்கியது. மாத்திரைக்கு 2 டாலருக்கு மேல் இருந்தது 70 சென்ட் அளவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 134 நாடுகளில் இந்த மருந்தின் காப்புரிமைகளை வலியுறுத்த மாட்டோம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது.

இதனால்தான் 15 மார்ச் 2024-இல் வந்த காப்புரிமை விதித் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. உரிமை வழங்கும் முன்பே விண்ணப்பத்தை "எவரும்" எதிர்க்கலாம் என்கிறது பிரிவு 25(1). திருத்தத்துக்கு முன்பு அதற்குக் கட்டணமே இல்லை. இப்போது கட்டணம் வைத்து, மனு விசாரணைக்கு ஏற்றதா என்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முதலிலேயே வடிகட்டவும் வழி செய்திருக்கிறார்கள். போலிப் பெயர்களில் மனுப் போட்டு விண்ணப்பத்தை இழுத்தடிக்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டு. அதற்கு மனுதாரரின் அடையாளத்தைச் சரிபார்த்தால் போதும். நோயாளிகளின் வழியைக் குறுக்கியிருக்க வேண்டியதில்லை.

வழி இன்னும் அடைபடவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் ஜர்னல் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வருகிறது. விண்ணப்பம் அதில் வெளியானதிலிருந்து உரிமை வழங்கப்படும் வரை எதிர்ப்பு மனு கொடுக்கலாம். பார்மசி, வேதியியல் படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு மருந்து விண்ணப்பத்தை எடுத்து, கிளெய்ம் 1-ஐக் கூறு கூறாகப் பிரித்து, அதற்கு முந்தைய காப்புரிமையில் இவற்றில் எவை ஏற்கெனவே இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். எழுதியதைக் கமென்டில் போட்டால் நான் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.