வீட்டுப் போக்கருக்கு எல்லை இல்லையா?

“2022 சட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் வீட்டில் காசு வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடத் தடையே இல்லை, மேசைக் கட்டணம் வாங்கலாம், செயலியிலும் ஆடலாம்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவலில் பாதிதான் உண்மை.

2022 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தினரும் ஒருவரையொருவர் அறிந்த நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் ஆடுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால், ஆட்டத்தில் வெல்வதைத் தவிர வேறு எந்த வழியிலும் யாரும் அதிலிருந்து ஆதாயம் பெறக்கூடாது என்பது அந்த விலக்கின் அடிப்படை. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் குவியும் பந்தயப் பணத்திலிருந்து வீட்டுக்காரர் இரண்டு வெள்ளியை எடுத்து ஒதுக்கினால், அதை இடத்துக்கான கட்டணம் என்று எவ்வளவு நயமாகச் சொன்னாலும், விலக்கு பொருந்தாது. முன்பின் தெரியாதவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து அழைப்பதும் அப்படியே. இணையவழி ஆட்டம், ஆடுபவர்கள் நண்பர்களே ஆனாலும், இந்த விலக்கில் இல்லை. ஆடுபவர்கள் உண்மையில் அறிமுகமானவர்களா என்பதை இணையத்தில் உறுதிசெய்வது கடினம் என்பதே காரணம்.

சட்டவிரோதமாக நடத்தப்படும் ஆட்டத்தில் பங்கேற்பவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இவற்றைச் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்திலும் சிங்கப்பூர்ச் சட்டங்களின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம்.

அந்தத் தகவலை மேலும் பகிர வேண்டாம். ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் 1800-6-668-668 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.